காளான் பாக்டீரியாவைத் தடுக்கிறதா, வளர்க்கிறதா? ஒரே பிளேட்டில் இரண்டையும் கேட்க முடியாது

மருத்துவக் காளானை வைத்து பாக்டீரியா சோதனை செய்யக் கிளம்பும் எவரும் முதலில் எடுப்பது முல்லர் ஹின்டன் அகார் பிளேட்டைத்தான், அதாவது பாக்டீரியாவுக்குத் தீனி கலந்த கூழ்த் தட்டு. பாக்டீரியாவை ஸ்வாபால் முழுக்கத் தடவி, குழி போட்டு, சாறை ஊற்றி, இன்குபேட்டரில் வைத்துவிட்டுப் போவார்கள். மறுநாள் குழியைச் சுற்றித் தெளிந்த வளையம் இருந்தால் சந்தோஷம். இல்லையென்றால் முகம் தொங்கிவிடும். எங்கள் லேபில் ஜூனியர் ஒருத்தி ரெய்ஷியை, அதாவது கனோடெர்மா லூசிடத்தை, எடுத்துக்கொண்டு இப்படித்தான் வந்து நின்றாள்: "அக்கா, ஜோனே வரல. டாபிக்கை மாத்திடலாமா?"

அவள் தலைப்பை நன்றாகத்தான் வைத்திருந்தாள். ரெய்ஷி பாக்டீரியாவின் வளர்ச்சியைத் தடுக்குமா, தூண்டுமா என்பது தலைப்பு. சிக்கல் பிளேட்டில் இருந்தது. முல்லர் ஹின்டனில் லிட்டருக்கு 17.5 கிராம் கேசீன் ஹைட்ரோலைசேட், 2 கிராம் மாட்டிறைச்சிச் சாறு, 1.5 கிராம் ஸ்டார்ச் இருக்கிறது. அந்தத் தீனியில் ஈ.கோலை 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். 16 மணி நேரம் கழித்துப் பார்க்கும்போது பிளேட் முழுக்க அது ஏற்கெனவே உச்சத்தில் நிற்கும். காளானில் ஏதாவது ஒன்று அதை இன்னும் வேகமாக வளர்த்திருந்தாலும் அந்த வேகம் தெரிய வழியே இல்லை. அந்தப் பிளேட்டால் 'தடுத்தது' என்று சொல்ல முடியும், அல்லது வாயை மூடிக்கொண்டிருக்க முடியும். 'வளர்த்தது' என்று சொல்ல அதற்கு வாயே கிடையாது.

ஆகவே இரண்டு கேள்விகளையும் பிரித்துத் தனித்தனிச் சோதனையாக வைத்தோம். அதற்கு முன்னால் கையில் இருப்பது உண்மையில் காளான்தானா என்று பார்க்க வேண்டியிருந்தது.

அவளிடம் இரண்டு பொருள் இருந்தன. ஒன்று, காய்ந்த முழுக் காளான். மற்றொன்று, ஆன்லைனில் வாங்கிய 'ரெய்ஷி பவுடர்'. முழுக் காளானை அரைத்தால் மாவாக வராது. மரம்போல இறுகிய சதை. மிக்ஸியில் போட்டால் பஞ்சுபோலப் பொங்கி, பழுப்பு நார்க்குவியலாக நிற்கும். ஆனால் அந்தப் பவுடர் மைதாமாதிரி வழுவழுவென்று, வெளிர் நிறத்தில் இருந்தது. ஒரு சிட்டிகையைத் தண்ணீரில் கொதிக்க வைத்து ஆறவிட்டு ஒரு சொட்டு அயோடின் விட்டோம். கண்ணெதிரே கருநீலமானது, ஸ்டார்ச் இருப்பதன் அடையாளம். முழுக் காளானின் சாறு அயோடினின் பழுப்பிலேயே இருந்தது.

காரணம் எளிது. சில தயாரிப்புகளில் காளானின் பூசண இழைகளைத் தானியத்தின்மேல் வளர்த்து, தானியத்தைப் பிரிக்காமல் அப்படியே காயவைத்து அரைத்துவிடுகிறார்கள். அப்போது பவுடரில் கணிசமான பங்கு தானிய ஸ்டார்ச். பேசிலஸ் சப்டிலிஸ்போல, ஸ்டார்ச்சை உடைக்கும் அமைலேஸ் நொதியைச் சுரக்கும் பாக்டீரியாவுக்கு அது விருந்து. அந்தப் பவுடரைப் போட்டு 'ரெய்ஷி பேசிலஸை வளர்க்கிறது' என்று எழுதினால், எழுதியது தானியத்தைப் பற்றித்தான். பவுடரை ஓரமாக வைத்துவிட்டு முழுக் காளானோடு தொடர்ந்தோம். (பெயரிலும் ஒரு சங்கதி உண்டு. கிழக்காசியாவில் வளர்த்து லூசிடம் என்று விற்கப்படுவதில் பெரும்பகுதி வேறு இனம். அதை 2012-இல் கனோடெர்மா லிங்ஜி என்று தனியாக விவரித்தார்கள். டிஎன்ஏ வரிசை பார்க்காமல் இனப்பெயரை அடித்துச் சொல்லாமல் இருப்பது நல்லது.)

சாறெடுப்பதில் இரண்டு வழிகளையும் செய்தோம். காளானைப் போல 20 மடங்கு தண்ணீரில், 95 டிகிரியில் சில மணி நேரம். இதில் பீட்டா குளூக்கான் முதலான பாலிசாக்கரைடுகள், அதாவது நீளச் சர்க்கரைச் சங்கிலிகள், வரும். கூடவே ட்ரெஹலோஸ், மேனிட்டால், அமினோ அமிலங்கள் என்று சின்ன மூலக்கூறுகளும் வரும். இன்னொரு பங்கை எத்தனாலில் ஊறவைத்தோம். கனோடெரிக் அமிலங்கள் என்ற ட்ரைடர்பீன்கள் இறங்குவது இதில்தான். ரெய்ஷியின் அந்தக் கசப்பே அவற்றால் வருவது. இந்த இரண்டும் ஒரே காளானிலிருந்து வந்தாலும் பாக்டீரியாவுக்கு முன்னால் இரண்டு வேறு பொருள்கள். 'ரெய்ஷி சாறு' என்று பொதுவாக எழுதும் ரிப்போர்ட்டைக் கண்டால் எனக்கு எரிச்சல் வருவதற்கு இதுதான் காரணம். எந்தச் சாறு என்று சொல்லாவிட்டால் அந்த ரிப்போர்ட்டை வைத்து அடுத்தவர் ஒன்றும் செய்ய முடியாது.

கிருமி நீக்கத்தில்தான் அதிக நேரம் போனது. ஒரு நாள் காலை ஜூனியர் ஓடிவந்தாள். "அக்கா, புரொமோட் ஆயிருக்கு, வந்து பாருங்க!" ஸ்டாஃபைலோகாக்கஸ் ஆரியஸ் தடவிய பிளேட். வெந்நீர்ச் சாறு ஊற்றிய குழியைச் சுற்றி அடர்த்தியான வெள்ளை வளையம். மற்ற இடத்தைவிடத் தடிப்பாக, நிஜமாகவே ஒரு மாலைபோல இருந்தது. பிளேட்டைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தேன். மற்ற இடமெல்லாம் ஸ்டாஃப் வழக்கம்போல வழவழப்பாக, லேசான பொன்மஞ்சளில் இருந்தது. வளையம் மட்டும் பளபளப்பே இல்லாமல், சுருக்கம் விழுந்து, ஓரம் ஒழுங்கில்லாமல் வெளிப்பக்கமாகப் படர்ந்திருந்தது. லூப்பால் தொட்டால் தோல்மாதிரி மொத்தமாக உரிந்து வந்தது. பாக்டீரியாவுக்குச் சாயமேற்றி வகை பார்க்கும் கிராம் ஸ்டெயின் போட்டோம். ஊதா நிறத்தில் நீளக் கோல்கள், நடுவே சாயம் ஏறாத முட்டை வடிவ வெற்றிடங்கள். ஸ்டாஃப் என்றால் திராட்சைக் கொத்துபோல உருண்டைகள் தெரிந்திருக்க வேண்டும். இங்கே இருந்தது ஸ்போர், அதாவது சூட்டையும் வறட்சியையும் தாங்கும் உறக்க வடிவம், உண்டாக்கும் பேசிலஸ். அது வந்தது சாறிலிருந்து.

காய்ந்த காளானில் மண், தூசி வழியாக பேசிலஸ் ஸ்போர்கள் இருப்பது சாதாரணம். 95 டிகிரி அவற்றைக் கொல்லாது. சொல்லப்போனால் அந்தச் சூடு பல ஸ்போர்களைத் தட்டி எழுப்பிவிடும். பிறகு சாறை மேசையில் ஓர் இரவு ஆறவிட்டால் கேட்கவே வேண்டாம். அன்று முதல் ஒவ்வொரு தொகுப்புச் சாறிலிருந்தும் 100 மைக்ரோலிட்டரை எந்த பாக்டீரியாவும் இல்லாத ஒரு சுத்தமான நியூட்ரியன்ட் அகார் பிளேட்டில் தடவி, ஒரு நாள் வைத்துப் பார்த்த பின்னரே சோதனைக்கு எடுத்தோம். இந்த ஒரு பிளேட்டை மிச்சப்படுத்தாதீர்கள். 'வளர்ச்சியைத் தூண்டியது' என்ற முடிவு எங்கே கண்ணில் பட்டாலும் முதலில் இந்த கண்ட்ரோல் பிளேட் போட்டார்களா என்றுதான் தேடுகிறேன்.

நீக்குவது எப்படி? 0.22 மைக்ரான் ஃபில்டரில் வெந்நீர்ச் சாறை நேராகத் தள்ளினால் ஒன்றிரண்டு மில்லியிலேயே அடைத்துக்கொள்ளும், பாலிசாக்கரைடு கோந்துமாதிரி. முதலில் நல்ல வேகத்தில் சென்ட்ரிஃபியூஜ், பிறகு 0.45, அதன்பின் 0.22 என்று போனால் போகும். ஆனால் பெரிய மூலக்கூறுகளில் ஒரு பங்கு ஃபில்டரிலேயே தங்கிவிடலாம். வெந்நீர்ச் சாறு ஏற்கெனவே வெந்ததுதான் என்பதால் அதை 121 டிகிரியில் 15 நிமிடம் ஆட்டோகிளேவ் செய்துவிட்டோம். எத்தனால் சாறுக்கு ஃபில்டர் போதும். எத்தனாலைத் தாங்கும் மெம்ப்ரேனா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி தடுப்புச் சோதனை. இதில் பலரும் தொடுவது, சோதிக்கும் பொருள் ஏற்றிய சின்னக் காகித வட்டை பிளேட்டின்மேல் வைக்கும் டிஸ்க் முறையை. பாவர், கிர்பி, ஷெரிஸ், டர்க் என்ற நால்வர் 1966-இல் ஒழுங்குபடுத்தியது. பாக்டீரியாவின் கலங்கலை, கலங்கலுக்கான அளவுகோலில் 0.5 மெக்ஃபார்லண்டுக்குச் சரிசெய்ய வேண்டும், ஈ.கோலைக்கு அது மி.லி.க்கு சுமார் 15 கோடி செல்கள். அகாரின் தடிமன் 4 மி.மீ. தடிமன் குறைந்தால் வளையம் பெரிதாகும், கூடினால் சிறுக்கும். கண்ட்ரோலாக ஜென்டாமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்கின் 10 மைக்ரோகிராம் டிஸ்க் வைத்தோம். தரச் சோதனைக்கென்று வைத்திருக்கும் ஈ.கோலை ஏடிசிசி 25922-க்கு அதன் வளையம் 19 முதல் 26 மி.மீ.க்குள் வர வேண்டும். வராத நாளில் காளானின் வளையத்தை அளந்து பயனில்லை, பிளேட்டே சரியில்லை.

எத்தனால் சாறைக் குழியில் ஊற்றினால் எத்தனாலே வளையம் போட்டுவிடும். டிஸ்க்கில் சொட்டி, முழுக்க உலரவிட்டு வைப்பதே தேவலாம். கூடவே வெறும் எத்தனாலைச் சொட்டி உலர்த்திய டிஸ்க் ஒன்றும் பக்கத்தில் இருக்க வேண்டும். தண்ணீர்ச் சாறுக்கு பிஹெச் பார்த்தோம். லேசான அமிலம். அதே பிஹெச்சுக்குக் கொண்டுவந்த தண்ணீரை ஒரு கண்ட்ரோல் குழியில் ஊற்றினால், அமிலத்தின் வேலை எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

வந்தது என்ன? எத்தனால் சாறு ஸ்டாஃபுக்கு ஒரு மெலிந்த வளையம் காட்டியது. 6 மி.மீ. டிஸ்க்கைச் சுற்றி ஒரு நூலளவு. ஈ.கோலைக்கு ஒன்றுமில்லை. தண்ணீர்ச் சாறு இரண்டுக்கும் ஒன்றுமில்லை. முதலில் இதுபோன்ற ஒரு பிளேட்டைப் பார்த்துத்தான் அவள் தலைப்பை மாற்றக் கேட்டிருந்தாள். ஆனால் அகாரில் வளையம் வர வேண்டுமானால் பொருள் முதலில் அகாருக்குள் நடந்து போக வேண்டும். பீட்டா குளூக்கான் மிகப் பெரிய மூலக்கூறு, ஊர்ந்துதான் போகும். ட்ரைடர்பீன்கள் தண்ணீரை வெறுப்பவை. டிஸ்க்கை விட்டு எளிதில் இறங்காது. வளையம் இல்லை என்பதற்கு 'வேலை செய்யவில்லை' என்றும் 'போய்ச் சேரவில்லை' என்றும் இரண்டு பொருள் உண்டு, அகார் எது என்று சொல்லாது.

அதனால் 96 குழித் தட்டில் திரவத்துக்குப் போனோம். எத்தனால் சாறைக் காயவைத்து, டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைத்து, மி.லி.க்கு 10 மில்லிகிராமில் தொடங்கிப் பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே வருவது. ஒவ்வொரு குழியிலும் கடைசிக் கணக்கில் மி.லி.க்கு 5 லட்சம் செல்கள். டிஎம்எஸ்ஓ எல்லாக் குழியிலும் ஒரே அளவு, 5 சதவீதம். அந்த அளவில் வளர்ச்சி கொஞ்சம் மந்தமாவதை டிஎம்எஸ்ஓ மட்டும் உள்ள கண்ட்ரோலே காட்டியது. அதை ஒப்பிடாமல் தண்ணீரோடு ஒப்பிட்டிருந்தால் அந்த மந்தமும் காளான் கணக்கில் ஏறியிருக்கும்.

திரவத்துக்கு வேறு தொல்லைகள். சாறு பழுப்பு, 600 நானோமீட்டர் ஒளியில் ஓ.டி. (OD, கலங்கலைக் காட்டும் எண்) பார்த்தால் நிறமே வளர்ச்சிமாதிரி எண் காட்டும். அதோடு ட்ரைடர்பீன்கள் தண்ணீரைக் கண்டதும் வெண்மையாகத் திரிந்து நிற்கும். கலங்கலைப் பார்த்து 'வளர்ந்திருக்கிறது' என்று யாரும் நினைப்பார்கள். எனவே ஒவ்வொரு செறிவுக்கும் பாக்டீரியா போடாத தனி பிளாங்க் குழி வேண்டும். ஒரே ஒரு பொது பிளாங்க் போதாது. நிறத் தொல்லைக்கு ரெசசூரின் என்ற சாயம் சேர்ப்பது வழக்கம். உயிருள்ள செல் இருந்தால் நீலம் இளஞ்சிவப்பாகும். எங்கள் தட்டில் பாக்டீரியாவே போடாத பிளாங்க் குழிகளும், செறிவு கூடிய பக்கத்தில், இளஞ்சிவப்பாயின. சாறிலிருக்கும் பீனால் வகைகளே ரெசசூரினை ஒடுக்கிவிடுகின்றன. கடைசியில் நம்பியது பழைய வழியைத்தான்: ஒவ்வொரு குழியிலிருந்தும் 10 மைக்ரோலிட்டரை எடுத்துப் புது அகாரில் சொட்டி, மறுநாள் எது முளைக்கிறது என்று பார்ப்பது. இதில் இன்னொரு லாபம், வளராமல் நிறுத்தி மட்டும் வைத்ததா, கொன்றேவிட்டதா என்பதும் தெரியும்.

ஸ்டாஃப் 5 மில்லிகிராமில் நின்றது. ஆனால் சொட்டிய இடத்தில் மறுநாள் முளைத்தது. அதாவது நிறுத்தியது, கொல்லவில்லை. ஈ.கோலை 10 மில்லிகிராமிலும் வளர்ந்தது. அதன் வெளிச்சவ்வு இப்படிப்பட்ட எண்ணெய்ப் பசையுள்ள பொருள்களை உள்ளே விடாது. இப்படி வெளிச்சவ்வு உள்ள கிராம் நெகட்டிவ் வகைகளிடம் இது எதிர்பார்த்ததே. வேண்டுமானால் ஹைட்ரஜன் பெராக்சைடை உடைக்கும் கேட்டலேஸ் நொதி சேர்த்த ஒரு வரிசையும் வைத்துப் பாருங்கள். பீனால்கள் காற்றில் ஆக்சிஜனோடு சேர்ந்து மீடியத்திலேயே ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்கக்கூடும். கேட்டலேஸ் போட்டதும் தடுப்பு காணாமல் போனால் தடுத்தது பெராக்சைடு.

காளானிலிருந்து ஆன்டிபயாட்டிக் வராது என்று இதற்காக யாரும் முடிவுகட்ட வேண்டாம். ப்ளூரோமியூட்டிலின் என்பதை 1951-இல் கவானாவும் அவரோடு இருந்தவர்களும் ஒரு காளானின் திரவக் கல்ச்சரிலிருந்து பிரித்தார்கள். அதன் வழியில் வந்த ரெட்டாபாமுலின் களிம்பு 2007-இலும், லெஃபாமுலின் 2019-இலும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. பாக்டீரியாவின் ரைபோசோமைப் பிடித்து நிறுத்தும் மருந்துகள் அவை. ஒரே ஒரு மூலக்கூறைத் தனியாகப் பிரித்து, திருத்தி, அரை நூற்றாண்டுக்கு மேல் காத்திருந்து கிடைத்தவை. கொதிக்க வைத்த கஷாயத்தோடு ஒப்பிட அதில் ஒன்றுமில்லை.

அடுத்து, வளர்க்கிறதா என்ற கேள்வி. இதற்கு பாக்டீரியாவைப் பட்டினி போட வேண்டும். எம்9 என்ற குறைந்தபட்ச மீடியத்தை எடுத்து, அதில் சேர்க்க வேண்டிய குளுக்கோஸைச் சேர்க்காமல் விட்டோம். ஒரு குழாயில் வெறும் தண்ணீர், ஒன்றில் குளுக்கோஸ், ஒன்றில் அதே எடையில் உலர்ந்த வெந்நீர்ச் சாறு. செல்கள் மி.லி.க்கு ஓர் ஆயிரம் மட்டும். நிறையப் போட்டால் ஏறுவதற்கு இடமிருக்காது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எடுத்து, பத்துப் பத்தாக நீர்த்து, பிளேட்டில் போட்டு, 30 முதல் 300 காலனி வரும் பிளேட்டை எண்ணினோம். எண்ணுவது கையொடிக்கும் வேலை. ஆனால் நிறமும் கலங்கலும் இந்த எண்ணை ஏமாற்ற முடியாது.

முல்லர் ஹின்டனில் எதையும் காட்டாத அதே தண்ணீர்ச் சாறு, இங்கே ஈ.கோலையைத் தெளிவாக வளர்த்தது. குளுக்கோஸ் அளவுக்கு இல்லை, வெறும் தண்ணீரைவிட மிக அதிகம். ஜூனியர் உடனே "பீட்டா குளூக்கான்தான்" என்றாள். எனக்குச் சந்தேகம். ஈ.கோலைக்கு அதை உடைக்கும் கருவி கிடையாது. சாறை 12-14 கிலோடால்டன் டயாலிசிஸ் பையில் கட்டி, தண்ணீரை மாற்றி மாற்றி, குளிர்ப் பெட்டியில் இரண்டு நாள் விட்டோம். ட்ரெஹலோஸ், மேனிட்டால் போன்ற சிறுசுகள் வெளியே போய்விடும். பெரிய சங்கிலிகள் பையில் தங்கும். பையில் தங்கியதை மட்டும் கொடுத்தபோது ஈ.கோலை தண்ணீர்க் குழாயோடு சமமாகப் படுத்துவிட்டது. தின்றது சின்னச் சர்க்கரைகளைத்தான்.

லாக்டிக் அமிலம் விடும் பாக்டீரியாவான லாக்டோபேசிலஸையும் சோதித்தோம். அதற்கு எம்9 போதாது, அதற்கு வைட்டமின், அமினோ அமிலம் எல்லாம் கையில் கொடுக்க வேண்டும். அதற்கென்றே உள்ள எம்ஆர்எஸ் மீடியத்தைக் குளுக்கோஸ் இல்லாமல் தயாரித்தோம், ஒப்பிட இனுலின் என்ற தாவர நார்ச்சத்து. ஒரு ஸ்ட்ரெயின் (அதே இனத்தின் ஒரு தனி வகை) டயாலிசிஸ் செய்த சாறிலும் கொஞ்சம் ஏறியது, மற்றொன்று அசையவே இல்லை. குளுக்கோஸ் நீக்கிய எம்ஆர்எஸ்ஸிலும் ஈஸ்ட் சாறு வழியாக ஏதோ கொஞ்சம் வளரத்தான் செய்யும். அந்த அடிமட்டத்தைக் கழித்த பிறகே எதையும் பேச வேண்டும். ஒரே பிளேட்டில் போட்ட மூன்று குழி மூன்று முறை ஆகாது என்பதும் இங்கேதான் உறைத்தது. வேறு வேறு நாளில், புதுக் கல்ச்சரில் செய்தபோது இரண்டாவது ஸ்ட்ரெயினின் எண்கள் மாறவில்லை, முதலாவதின் ஏற்றம் ஒரு நாள் பாதியாகக் குறைந்தது. ரிப்போர்ட்டில் இரண்டு எண்களும் போயின.

இவ்வளவும் கேட்டுவிட்டு, "அப்போ இன்ஃபெக்‌ஷனுக்கு ரெய்ஷி குடிக்கலாமா?" என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு கணக்குப் போடுங்கள். ஸ்டாஃபை நிறுத்தவே மி.லி.க்கு 5 மில்லிகிராம் தேவைப்பட்டது. ஐந்து லிட்டர் ரத்தத்தில் அந்தச் செறிவு வர, 25 கிராம் உலர் சாறு ஒரு துளி வீணாகாமல் ரத்தத்தில் ஏற வேண்டும். நடக்காது. ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்கள் ரெய்ஷியைத் தொடுவதற்கு முன் டாக்டரைக் கேட்க வேண்டும் என்ற எச்சரிக்கையும் இருக்கிறது. குடலில் கதை வேறு மாதிரி போகலாம். அங்கே சாறு ரத்தத்தில் ஏற வேண்டிய அவசியமில்லை. 2015-இல் நேச்சர் கம்யூனிகேஷன்ஸில் வந்த ஆய்வில், ரெய்ஷியின் தண்ணீர்ச் சாறு எலிகளின் குடல் பாக்டீரியாக் கூட்டத்தை மாற்றி, கொழுப்புத் தீவனத்தால் வந்த எடை கூடுதலைக் குறைத்தது. எலி என்பதை மறந்துவிட வேண்டாம்.

வீட்டில் இதைச் செய்யலாமா என்று கேட்டால், வேண்டாம். ஸ்டாஃப் ஆரியஸ் நோய் தரும் கிருமி. அதற்குரிய பாதுகாப்புப் பெட்டகமும் (சேஃப்டி கேபினெட்), எல்லாவற்றையும் வேகவைத்துவிட்டு எறிய ஆட்டோகிளேவும் இருக்கும் லேபில்தான் இடம்.

ஜூனியர் இப்போது அடுத்ததற்கு மீடியம் தயாரித்துக்கொண்டிருக்கிறாள். சாறு சேர்த்த ஒரே குழாயில் லாக்டோபேசிலஸையும் ஈ.கோலையையும் சேர்த்து வளர்ப்பது திட்டம். லாக்டோ, சாறைத் தின்று அமிலம் விட்டால் ஈ.கோலை குறையலாம், அதாவது ஒன்றை வளர்த்ததன் மூலமே இன்னொன்றைத் தடுத்திருக்கும். எண்ணுவதற்கு இரண்டு வகைப் பிளேட்: லாக்டோவுக்கு எம்ஆர்எஸ், ஈ.கோலைக்கு இளஞ்சிவப்புக் காலனி காட்டும் மெக்கான்கி. பிஹெச் இறங்காமல் பஃபர் போட்ட குழாய் ஒன்றும் கூடவே வைக்கச் சொல்லியிருக்கிறேன், ஈ.கோலையை அடக்கியது அமிலமா வேறு ஏதாவதா என்று அது இல்லாமல் தெரியாது.